வட்டத்தின் இடது மேல் மூலை

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் பழக்கடை போட விரும்பும் எவரும், தமது மனுவையும் இணைப்புகளையும் ஒரு குறுந்தகட்டில் பதிந்து கோப்பில் சேர்க்க வேண்டும் என்பது தென்காசியில் எங்கள் அலுவலகத்தின் விதி. பதிந்து கொடுப்பது உதவியாளராகிய என் பொறுப்பு. எனக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படி என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

ஜூன் முதல் வாரம் கீழப்பாவூர் மாரித்தாய் மனு கொடுத்தாள். ஐந்தருவிப் பக்கம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்க ஒரு கடை வேண்டும். சாரல் மூன்று மாதம்தான். அதற்குள் உத்தரவு வந்தால்தான் அவளுக்கு இந்த வருஷப் பிழைப்பு. நானும் எல்லாவற்றையும் சிடியில் பதிந்து, என் மெஷினிலேயே திறந்து பார்த்து, கோப்பில் கட்டி மாடிக்கு அனுப்பினேன். கண்காணிப்பாளர் விஜயசங்கர் சார் ஒரே வரி எழுதித் திருப்பிவிட்டார்: "படிக்க இயலவில்லை. ஆவன செய்க."

ஆவன செய்தேன். பதியும் வேகத்தைக் குறைத்தேன். திரும்பி வந்தது. சிடி கம்பெனியை மாற்றினேன். திரும்பி வந்தது. டிரைவின் லென்சைப் பஞ்சால் துடைத்தேன். ம்ஹூம். கம்ப்யூட்டர் கடை ஜெனியை வரவழைத்தேன். "பதியும்போது வேற எதையும் ஓட விடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்ற புரோகிராம்களோடு மின்விசிறியையும் சேர்த்து நிறுத்தினேன். பதியும் நேரத்தில் எவரும் நடமாடக் கூடாதென்று சுற்றறிக்கையும் விட்டேன். பிரிவே வேர்த்து வழிந்துகொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதுவும் திரும்பி வந்தது. கடைசியில் சாரல் ஈரமே காரணம் என்று விரிவான அறிக்கை எழுதினேன். அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள், சிடியை ஏற்கவில்லை.

ஒன்பதாவது தடவை மாரித்தாய் என் மேசை முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"இன்னைக்கு நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன் சார். என் மனு எங்கன சாவுதுன்னு தெரியணும்."

பதிந்து முடித்துத் திறந்தேன். திரையில் அவள் போட்டோ பளிச்சென்று வந்தது.

"பாத்தியளாம்மா? சுத்தமா இருக்கு" என்றேன். பிறகு வழக்கம்போல மெழுகுவர்த்தி ஏற்றி, குத்தூசியைப் பழுக்கக் காய்ச்சி, சிடியில் ஓர் ஓட்டை போட்டேன்.

"ஐயோ, அதுக்கு ஏன் சார் சூடு வைக்கிய?"

"கோப்புல எதைச் சேர்த்தாலும் இடது மேல் மூலையில துளை போட்டுக் கயித்துல கட்டணும். விதி."

"வட்டத்துக்கு ஏது சார் மூலை?"

"அதுக்குத் தெளிவுரை கேட்டு எழுதியிருக்கேன். பதில் வார வரைக்கும், கடிகாரத்துல பத்தரைக்குச் சின்ன முள்ளு நிக்கிற இடம்தான் மூலை."

மாரித்தாய் என்னையும் சிடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நடுவுல அவனே ஒரு ஓட்டை போட்டுத்தான சார் குடுத்திருக்கான்? அதுல கோத்தா ஆவாதா?"

எனக்கு மானமே போயிற்று. பதினோரு வருஷ சர்வீஸ்! வேறொரு சிடியில் பதிந்து, நடு ஓட்டையில் கயிறு கோத்து அனுப்பினேன். அன்று மாலையே மாடியில் படித்துவிட்டார்கள். புதிய கோக்கும் முறையைக் கண்டறிந்தமைக்காக எனக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.

கடைக்கான உத்தரவு கையெழுத்தாகி வந்தபோது ஆகஸ்ட் இருபத்தொன்பது. ஐந்தருவியில் இரண்டு மட்டும் நூலாக விழுந்துகொண்டிருந்தன. குற்ற உணர்ச்சி தாங்காமல், உத்தரவை எடுத்துக்கொண்டு நானே அவளைத் தேடிப் புறப்பட்டேன். ரொம்ப தூரம் போகவில்லை. நான் தினமும் வந்து போவது பின்வாசல் வழி; எங்கள் அலுவலக முன்வாசலிலேயே அவள் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

"இங்கன எப்போ இருந்தும்மா?"

"நீங்க மூணாந் தடவை திருப்பி விட்டியள்லா, அன்னையில இருந்து. கொண்டாந்த பழம் அழுவிரும்லா."

உத்தரவை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள்.

"அங்க வேண்டாம் சார். அருவி வத்துனா கூட்டம் போயிரும். உங்க ஆபீஸ் வரிசை எந்த மாசம் வத்தியிருக்கு?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும், திரும்பி வந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், வாசலில் கடை வைக்க அவளிடம் முறைப்படி ஒரு மனு வாங்குவதே சரி என்று பட்டது. வரிசையின் கடைசியில் போய் நிற்கச் சொன்னேன்.