எதிலும் சேராத வயர்

கார் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, குழந்தைவேல் அதை ஆறு முறை சுற்றி வந்தார். கும்பிடுவதற்காக அல்ல. பிளக் சொருகும் இடத்தைத் தேடி.

முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார். டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கடைசியில் பழைய பேப்பரை விரித்து, காருக்கு அடியில் மல்லாந்து படுத்தும் பார்த்துவிட்டார். இல்லை. வீட்டில் இருக்கும் மிக்சிக்குக்கூட ஒரு வயர் உண்டு. இந்தக் காருக்கு இல்லை.

வேறு யாராவது என்றால், "சரி, ஏமாந்துட்டோம்" என்று பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். குழந்தைவேலால் அது முடியாது. அவர் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ். பதினெட்டாம் பிளாக்கில் எந்த வீட்டில் ஃபேன் நின்றாலும் அவருக்குத்தான் ஆள் வரும். அதனால்தான் பாண்டிச்சேரி புரோக்கர், "சின்ன வண்டி சார். ஹைப்ரிட்டு. பெட்ரோலும் உண்டு, கரண்டும் உண்டு" என்று ஆரம்பித்தபோதே, "தெரியும், தெரியும்" என்று அவன் வாயை அடைத்துவிட்டார். தெரியும் என்று சொன்ன பிறகு எப்படிக் கேட்பது?

அந்தக் கார் ஜப்பானிலிருந்து வந்து, ஒரு டாக்டரிடம் நாலு வருஷம் இருந்த வண்டி. கூட வந்த புத்தகமும் ஜப்பான் பாஷையில் இருந்தது. குழந்தைவேல் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படங்களை மட்டும் படித்தார். சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஓர் அம்புக்குறி. பிரேக்கிலிருந்து பேட்டரிக்கு இன்னொன்று. விஷயம் விளங்கிவிட்டது. ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வண்டி தன் கரண்டைத் தானே தயாரித்துக்கொள்ளும். குவார்ட்டர்ஸ் கரண்டு அதற்குத் தேவையே இல்லை. வெளியிலிருந்து நாம் ஊற்ற வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதற்கும் படம் போட்டிருந்தார்கள். பெட்ரோல் பங்க் படம்.

குழந்தைவேலுக்கு வியர்த்தது. காரணம், முந்தின நாள் சாயங்காலம் நடந்த பேச்சு.

"ஸ்டார்ட்டே ஆவலியேங்க?" என்றாள் ருக்குமணி, காரில் ஏறி உட்கார்ந்ததும்.

"ஆயிடுச்சு."

"சத்தமே காணோம்?"

"கரண்டு சத்தம் போடுமா? ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்பறவன் நான். என் காரு என் கரண்டுலதான் ஓடும்."

"அப்ப பெட்ரோலு?"

"எதுக்கு?"

"எதுக்கா? டாங்கி ஒண்ணு இருக்குதே."

"அது சும்மா, ஒரு அவசரத்துக்கு. தெரியாதவங்க போடுவாங்க. நான் ஒரு சொட்டு போட மாட்டேன்."

ருக்குமணி அப்போதுதான் மெதுவாகக் கேட்டாள். "போட்டீங்கன்னா?"

பக்கத்து வீட்டுச் சடையப்பன், மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டர், வேலி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது குழந்தைவேலுக்கு வாய் நீளும்.

"போட்டேன்னா சாவிய உன் கையில குடுத்துடறேன். அப்புறம் நீதான் ஓட்டற. நான் பக்கத்துல உக்காந்து வரேன். போதுமா?"

ருக்குமணிக்கு அது போதும். இரண்டு வருஷத்துக்கு முன்பே லேடீஸ் பேட்சில் சேர்ந்து கார் ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கியவள். "லைசென்ஸ வச்சிகினு என்னா பண்றது? சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டவா?" என்று மாதம் ஒரு தடவையாவது கேட்பாள். குழந்தைவேலோ, மனைவி ஓட்டி, தான் இடது பக்கம் உட்கார்ந்து டவுன்ஷிப்பில் போவதை நினைத்தாலே கண்ணை மூடிக்கொள்வார். சாவி கையை விட்டுப் போனால் மானம் கூடவே போகும் என்பது அவர் முடிவு. காருக்கு இரண்டு சாவி. ஒன்றை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். இன்னொன்றைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பீரோ சாவி மட்டும், கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற மாதிரி, ருக்குமணி இடுப்பில் இருந்தது.

இப்போது பிளக் இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அன்று சாயங்காலமே ஜன்னல் வழியாக நீளமாக ஒரு கறுப்பு வயரை இழுத்தார். பானெட்டுக்குள் விட்டார். எதிலும் சேர்க்காமல், முனையில் டேப் சுற்றி, பேட்டரி பக்கமாக மூன்று சுற்று சுற்றி வைத்தார். உள்ளே வந்து பெரிய தோரணையில் சுவிட்சைப் போட்டார்.

"எங்கங்க சொருவனீங்க? நானும் பாக்கறேனே."

"கிட்ட வராத. ஷாக் அடிக்கும்."

"மீட்டரு சுத்தவே இல்லியே?"

"ஜப்பான் டெக்னாலஜி. அப்படித்தான் இருக்கும்."

ருக்குமணி மீட்டரைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், அவரையும் ஒரு தடவை பார்த்தாள். பேசாமல் அடுப்படிக்குப் போனாள். குழந்தைவேலுக்கு அது பிடிக்கவில்லை. அனல்மின் நிலையத்தில் இரைச்சல் நின்றால் ஏதோ டிரிப் ஆகி நின்றுவிட்டது என்று அர்த்தம். ருக்குமணி கேள்வியை நிறுத்தினாலும் அப்படித்தான்.

சில நாளில் பெட்ரோல் முள் இறங்கியது. டவுன்ஷிப் பங்கில் போட முடியாது. அங்கே நிற்பவர்கள் எல்லாம் தெரிந்த முகம். அடுத்த ஞாயிறு காலை குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, "வடலூர் சபைக்குப் போயிட்டு வரேன். மனசு என்னமோ வள்ளலாரையே நெனைக்குது" என்று கிளம்பினார். வடலூர் போகும் ரோட்டில், ஒதுக்குப்புறமாக ஒரு பங்க். பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் பெட்ரோல் போட்டாள். யாருக்கும் தெரியாது. விசில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

மத்தியானம் இலையில் கத்திரிக்காய்.

"ருக்கு, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கறி எங்க?"

"சபைக்குப் போயிட்டு வந்தவருக்குக் கறி போடலாமா? பாவம் இல்ல? இனிமே நம்ம வூட்ல ஞாயித்துக்கிழமை சைவந்தான்."

குழந்தைவேல் கத்திரிக்காயையே கொஞ்ச நேரம் பார்த்தார். உண்மையைச் சொன்னால் கறி கிடைக்கும், சாவி போய்விடும். கத்திரிக்காயைச் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறு பீர்க்கங்காய். அதற்கடுத்த ஞாயிறு சௌசௌ.

நாலாவது ஞாயிறுதான் அந்த அதிசயம் நடந்தது. காரில் ஏறி சுவிட்சை அழுத்தினார். போன வாரம் பாதிக்குக் கீழே நின்ற முள், இப்போது பாதிக்கு மேலே நின்றது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அங்கேயேதான் நின்றது. வண்டியிலிருந்து பெட்ரோலைத் திருடுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். திருட்டுத்தனமாகப் பெட்ரோல் ஊற்றிவிட்டுப் போகிறவனை எந்த போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்வது?

முதலில் சடையப்பன் மேல் சந்தேகம் வந்தது. தன்னைப் பெட்ரோல் போட்டவன் ஆக்கிச் சாவியைப் பிடுங்கிக் கொடுக்கிற சதியாக இருக்குமோ? இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் காலையில் வேலைக்குப் போய் சாயங்காலம் திரும்புவார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"என்னாண்ணே, சளியா?"

"இல்ல. உம்மேல பெட்ரோல் வாசம் வருதான்னு பாத்தேன்."

"நான் குடிக்கறது டீதாண்ணே."

அன்றைக்கே பெட்ரோல் மூடியின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு ஒட்டினார். யார் திறந்தாலும் டேப் பிய்ந்துவிடும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தார். டேப் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. முள் முக்காலுக்கு வந்திருந்தது.

குழந்தைவேல் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூடியை யாரும் திறக்கவில்லை. முள்ளோ ஏறியிருக்கிறது. அப்படியென்றால் என்ன மிச்சம்? அவர் கண் மெல்ல மெல்ல வயரின் மேல் போய் நின்றது. மூன்று சுற்று. சுருளாகச் சுற்றிய வயர். பக்கத்தில் பேட்டரி.

"இன்டக்‌ஷன்!" என்றார் வாய்விட்டு. தொடாமலே கரண்டு தாவும் விஷயம்.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகிவிட்டது. நெய்வேலியில் எந்த வண்டியை வெளியே விட்டாலும் இரண்டே நாளில் சாம்பல் படியும். தெருவில் எல்லா வண்டி மேலும் படிந்திருந்தது. இவர் கார் மட்டும் பளிச்சென்று இருந்தது. அனல்மின் நிலையப் புகைபோக்கியில் சாம்பலை இழுத்துப் பிடிப்பது கரண்டுதானே? அங்கே இழுக்கிற கரண்டு இங்கே தள்ளுகிறது. டிரைவர் சீட் கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்தது. இன்டக்‌ஷன் இருக்கிற இடத்தில் காந்தம் இருக்கத்தானே செய்யும்? பெட்ரோல் எப்படி ஏறுகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. அது ஏறவே இல்லை, செலவாகாமல் மிச்சமாகிறது, முள்தான் லேட்டாகக் காட்டுகிறது என்று தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். ஊரை ஏமாற்றப் போட்ட வயரை இப்போது தானே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிலோமீட்டர் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை.

"சடையப்பா, பிளக்குக்கு ஓட்டை இல்லாத காருக்கும் கரண்டு ஏத்தலாம், தெரியுமா?" என்று பஸ்ஸில் ஆரம்பித்தார். முன் சீட்டு திரும்பியது. பின் சீட்டு எழுந்து வந்தது. "கரண்டப் பத்தி அறிவு வேணும். அவ்ளோதான்." ஒரு வாரத்தில் கேன்டீன் முழுவதும் பரவிவிட்டது. இரண்டு பேர் சாயங்காலம் வீட்டுக்கே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வயரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ருக்குமணி அவர்களுக்கு டீ கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மௌனம் மட்டும் குழந்தைவேலுக்கு உறுத்தியது. தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பெரிய மனசு பண்ணி அவரே கூப்பிட்டார். "நீயும் வா. ரெண்டு பேருமா சபைக்குப் போவலாம். வாங்கினதுலேர்ந்து ஒரு சொட்டு போடல. முள்ளப் பாரு."

"பாத்தேங்க" என்றாள் ருக்குமணி. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

வடலூர் ரோட்டில் அந்தப் பங்க் தூரத்தில் தெரிந்ததும் குழந்தைவேல் முகத்தை நேராக வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார்.

"ஏங்க, அங்க நிறுத்துங்க."

"எதுக்கு? நமக்கும் பங்குக்கும் என்ன சம்பந்தம்?"

"காத்து அடிக்கணுங்க. டயருக்குக் கரண்டு அடிக்க முடியாதுல்ல?"

நிறுத்தினார். தலையைக் குனிந்து, செருப்பில் எதையோ தேடுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். பச்சைச் சட்டைப் பெண் ஓடி வந்தாள். வந்தவள் அவர் பக்கம் வரவில்லை. ருக்குமணி பக்கம் போனாள்.

"வாக்கா! என்னா, புதன்கிழமதான வருவ? இன்னிக்கு மாமாவையும் இட்டுகினு வந்துட்ட?"

குழந்தைவேல் செருப்பை விட்டு நிமிர்ந்தார்.

"என் சின்னம்மா பொண்ணுங்க, சந்திரா" என்றாள் ருக்குமணி. "நம்ம கல்யாணத்தப்ப அஞ்சாவது படிச்சிகினு இருந்தா. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அவளுக்கு உங்கள ஞாபகம் இருந்துச்சு."

"மொத ஞாயித்துக்கிழமையே போன் பண்ணிட்டேன் மாமா" என்றாள் சந்திரா, சந்தோஷமாக. "பட்டை பட்டையா விபூதி பூசிகினு வந்தீங்களா, யாரோ சாமியாருன்னு நெனச்சிட்டேன். அப்புறந்தான் புரிஞ்சுச்சு."

"புதன்கிழமை?" என்றார் குழந்தைவேல், ருக்குமணி பக்கம் திரும்பி.

"நீங்க பஸ் ஏறினதும் நான் வண்டி எடுப்பேங்க. பீரோவுல ஒரு சாவி இருக்குதுல்ல? இதுக்குத்தான் சத்தமே இல்லியே, தெருவுல ஒருத்தருக்கும் தெரியல. அம்மா வூட்டுக்குப் போவேன், வருவேன். வந்ததும் தொடச்சி, வயரையும் பழையபடி மூணு சுத்து சுத்தி வச்சிருவேன். ஓட்டினதுக்குப் பெட்ரோல் போடணும்ல? கம்மியா இருந்தா சந்தேகப்படுவீங்கன்னு கொஞ்சம் சேத்தே போட்டேன்."

"டேப்பு… பிய்யலயே?"

"பிச்சிட்டு வேற ஒட்டினேங்க. உங்க டிராயர்ல எட்டு ரோலு கெடக்குது."

குழந்தைவேலின் கண் முன்னால் அந்த மூன்று சுற்று வயர் வந்து நின்று, ஒவ்வொரு சுற்றாக அவிழ்ந்தது. கேன்டீனில் தான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் வந்தது. கடைசியாக ஒரு பிடி தேடினார்.

"நீயும்தானே பெட்ரோல் போட்ட?"

"போட மாட்டேன்னு நான் சொல்லலையே" என்று ருக்குமணி கையை நீட்டினாள்.

குழந்தைவேல் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். இறங்கி, காரைச் சுற்றி நடந்து, இடது பக்கம் ஏறினார். ருக்குமணி சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அது எவ்வளவு தூரம் நகரும் என்று அவள் கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நன்றாகவே ஓட்டினாள் என்பது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் குழந்தைவேல் முதல் வேலையாகப் போய் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அத ஏங்க சுருட்டறீங்க? ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்க. சடையப்பன் அண்ணன் வேலிக்கிட்டதான் நிக்கறாரு. மாட்டுங்க."

மாட்டினார். மூன்று சுற்று சுற்றினார். சடையப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். சாவி போயிற்று, இனி மறைக்க ஒன்றும் இல்லை, அந்த வகையில் ஒரே ஒரு லாபமாவது உண்டு என்று குழந்தைவேலுக்குத் தோன்றியது. மெதுவாக மனைவி பக்கம் வந்தார்.

"ருக்கு, இனிமே நான் சபைக்குப் போவத் தேவையில்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை கறி எடுத்துடலாமா?"

"அதெப்படிங்க தேவையில்லாம போவும்?" என்றாள் ருக்குமணி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு. "வாராவாரம் நானே உங்கள இட்டுகினு போறேன்."