தாய்மாமன் மண்ணில் என்ன குறை?

திட்டக்குடி,
14.3.2010

சிதம்பரத்தில் தங்கி, மண்ணில் வாழும் நல்ல கிருமிகளைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துவரும் அருமை மருமகள் சந்திரலேகாவுக்கு, உன் தாய்மாமன் பூவராகன் அனேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை தில்லையம்மாளும் இரண்டு கறவை மாடுகளும் சுகம். போர் மோட்டார், கரண்டு இருக்கும் நேரத்தில் மட்டும் சுகம். அங்கே ஹாஸ்டலில் நீயும், ஃபிரிட்ஜுக்குள் நீ வளர்க்கும் கிருமிகளும் குறைவில்லாமல் இருக்க வைத்தியநாத சுவாமியை வேண்டுகிறேன்.

முந்தாநாள் நீ போனில் அத்தையிடம் அழுத விவரம் அறிந்தேன். அவள் போனை என்னிடம் நீட்டியபோது மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம். அவள் இப்போது எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு, வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சித்தப்பன் கார்த்திகேசன் கொல்லை மண்ணில் இரண்டாம் தடவை தேடியதில் கே.கே. ஏழு என்று அவன் பெயரில் நீ குறித்துவைத்த அந்தப் புகழ்பெற்ற கிருமி கிடைக்கவே இல்லையாம். முதல் தடவை எடுத்த பையில் உப்பு ஜாஸ்தி இருந்ததே, இப்போது உப்பே இல்லையே, அப்படியானால் அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது, ஆய்வகத்தில் ஏதும் கலந்துவிட்டதா, இல்லை நோட்டில் எழுதியதே பொய்யா என்று உன் கைடு அம்மா கேட்டாராம். முப்பதாம் தேதிக் கூட்டத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட வேண்டுமாம். மூன்று வருஷ உழைப்பு. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்த ஆளையும் தெரியும், அந்த ஆள் மண்ணையும் தெரியும். இது பொறாமை என்கிறாள் உன் அத்தை. பொறாமைப்பட அவனிடம் என்ன இருக்கிறது? வெள்ளாற்றங்கரையில் நாலு ஏக்கர், வற்றாத கிணறு, முழுத் தலைமுடி. வேறு என்ன இருக்கிறது?

எல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று யோசித்துப் பார். இரண்டு வருஷத்துக்கு முன் ஆவணி மாதம் நீ அம்மை போட்டு செம்மண்டலத்தில் உன் வீட்டில் படுத்திருந்தாய். அங்கிருந்து என்னைத்தான் கூப்பிட்டாய். “மாமா, மேல்மண்ண வழிச்சிட்டு ஒரு சாண் ஆழம் தோண்டுங்க. வேர ஒட்டினாப்ல இருக்கிற மண்ணுதான் வேணும். உங்க கொல்லையில ஒரு பை, சித்தப்பா கொல்லையில ஒரு பை. மேல பேர எழுதிடுங்க” என்றாய். உன் சித்தப்பனை நீ நம்பவில்லை, என்னை நம்பினாய். அந்தப் பெருமையில் நான் பெண் பார்க்க வருகிற வீட்டைப் போல வயலை ஜோடித்தேன். நாலு நாள் முன்பே இரண்டு வண்டி எரு, அரை மூட்டை யூரியா, மூன்று தண்ணீர். இரண்டு பையையும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்து, விருத்தாசலம் வழியாகச் சிதம்பரம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர், “பெரியவரே, மீனா? ஒழுவப் போவுது, கீழ வைங்க” என்றான். “மண்ணுப்பா” என்றேன். “ஏன், சிதம்பரத்துல மண்ணு இல்லியா?” என்று கேட்டு பஸ்ஸே சிரித்தது. உனக்காக அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு என்ன நடந்தது? இரண்டு மண்ணிலிருந்தும் கிருமிகளைப் பிரித்து, மக்காச்சோள விதையில் தடவி, தொட்டியில் முளைக்கவைத்து, பன்னிரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் போட்டாய். சித்தப்பன் பெயர் போட்ட கே.கே. ஏழு தொட்டியில் செடி பச்சையாக நிமிர்ந்து நிற்கிறது. என் பெயர் போட்ட நாலு தொட்டியிலும் ஐந்தாம் நாளே தலை தொங்கிவிட்டது. அதைப் போட்டோ எடுத்து, நீ குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும்படி உன் அப்பாவின் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியிருக்க வேண்டாம். நான் காரணம் கேட்டதற்கு, “எருவும் தண்ணியும் கெடச்சு சொகமா இருக்கிற மண்ணுல வாழுற பாக்டீரியாவுக்குக் கஷ்டமே தெரியாது மாமா. காஞ்ச மண்ணு, உப்பு மண்ணுன்னு கெடந்து பொழைச்சது இருக்கு பாருங்க, அதுதான் செடியையும் பொழைக்க வைக்கும்” என்றாய். சரி, முப்பது வருஷம் மண்ணைச் சுகமாக வைத்தது என் குற்றமாகவே இருக்கட்டும். அவன் மண் மட்டும் என்ன கஷ்டம் கண்டுவிட்டது?

அன்றிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான், “நம்ம கொல்லையில சும்மா ஒரு புடி அள்ளுனாக்கூட அதுல ஒரு டாக்டர் பட்டம் இருக்குது மச்சான்” என்று ஆரம்பிப்பான். ஒருநாள் அவன் வரப்பில் நடந்தேன். “செருப்பக் கழட்டிட்டு வாங்க மச்சான், உள்ள கே.கே. ஏழு இருக்குது” என்றான். மாசித் திருவிழாவுக்கு பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைத்தான். கைகூப்பிய போஸ், கூலிங் கிளாஸ், பக்கத்தில் மைக்ராஸ்கோப் படம், கீழே ‘அறிவியல் உலகுக்கு நுண்ணுயிர் ஈந்த வள்ளலே, வருக!’ இந்த ஊரிலேயே இருப்பவனை எங்கிருந்து வரச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இதெல்லாம் போகட்டும். உங்கள் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறேன், உன் அப்பா முதல் மாலையை அவன் கழுத்தில் போடுகிறார். என் தங்கை மகேஸ்வரி பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறாள். அன்றைக்கு என் வயிறு எரிந்தது உண்மை, பந்தியில் மூன்று தடவை மோர் வாங்கிக் குடித்தும் அடங்கவில்லை.

போன தை மாதம் நீயே நேரில் வந்து அவன் கொல்லையில் ஆறு இடத்தில் தோண்டினாய். அவன் உனக்குக் குடை பிடித்தான், இளநீர் வெட்டிக் கொடுத்தான், ஒவ்வொரு குழிக்கும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். இப்போது முடிவு தெரிந்த பிறகு ஆள் டீக்கடைப் பக்கமே வருவதில்லை. ஃப்ளெக்ஸைக் கழற்றி மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருக்கிறான், படம் கீழ்ப்பக்கம். மாடுகள் படுத்தபடியே கூலிங் கிளாஸைப் பார்க்கின்றன.

ஆகவே மாமன் சொல்வதைக் கேள். கைடு அம்மாவிடம், சித்தப்பா மண் சரியில்லை, தாய்மாமன் மண்ணை இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று தைரியமாகச் சொல். இந்தத் தடவை எருவும் போடவில்லை, யூரியாவும் போடவில்லை. பன்னிரண்டு நாளாகத் தண்ணீரும் காட்டவில்லை. கரும்பு என்னை முறைக்கிறது. உன் அத்தையும் முறைக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. அழாதே. உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல். கார்த்திகேசனை நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். நீ பட்டம் வாங்கி, பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டு, நூறு வருஷம் நன்றாக இருக்க உன்னை மனதார வாழ்த்தும்,

உன் மாமா,
பூவராகன்.

பி.கு.: இதை போஸ்ட் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே இருப்பது உன் அத்தை கேட்பதற்காக எழுதியது. இது உனக்கு.

நான் அன்றைக்கு உன் சித்தப்பன் கொல்லைக்குப் போகவே இல்லை பாப்பா. போகத்தான் கிளம்பினேன். பாதி வழியில் பார்த்தால் அவன் சோளம் என்னுடையதைவிட ஒரு முழம் உயரமாக நின்றது. அந்த மண்ணை என் மண்ணோடு ஒரே பெட்டியில் வைத்து எடுத்துப்போக எனக்கு மனசு வரவில்லை. நம் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கிழக்கு மூலையில் ஆறு சென்ட் இருக்கிறது. களர் நிலம். வெயிலில் வெள்ளையாக உப்பு பூக்கும், ஒரு புல்லைத் தவிர வேறு எதுவும் முளைக்காது. வந்தவர்களுக்குத் தெரியக்கூடாது என்று வைக்கோல் போட்டு மறைத்து வைத்திருப்பேன். அந்தப் புல் வேரடியில் ஒரு பை அள்ளி, அதன் மேல் கார்த்திகேசன் பெயரை எழுதினேன். அவன் மண் கடைசியில் வரட்டும் என்றுதான் செய்தேன்.

கே.கே. ஏழு என் மண்தான். இரண்டு வருஷமாக இதைச் சொல்லவும் முடியாமல் அவன் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் முன்பு உன் சோதனை தோற்றது என்று கேட்ட அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். முந்தாநாள்தான் அத்தை, நீ அழுததைச் சொன்னாள். அதிலிருந்து எதுவும் இறங்கவில்லை. உன் நோட்டில் ஒரு பொய்யும் இல்லை அம்மா. பொய் எழுதியது நான்.

முப்பதாம் தேதிக்கு முன்னால் கைடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. அவர் எதிரிலேயே சொல்கிறேன், கேட்டால் எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன். கார்த்திகேசனையும் கூப்பிடு, அவனுக்கும் தெரியட்டும். வைக்கோலை எடுத்து வைத்துவிட்டேன், புல் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒன்று, பையின் மேல் பெயரை நீயே எழுது. என் கையில் பேனாவைக் கொடுக்காதே.