கொழுந்துச் சாக்கு அளவுக்குப் பின்னுன கம்பளிப் பை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பின்னி முடிச்ச கம்பளிப் பையை வெந்நீர்ல அலசி எடுக்கணும். அவ்வளவுதான்.

அலசுறதுல என்ன கெட்டுப் போயிரப் போகுதுன்னு நெனச்சேன் பாருங்க!

மொதல்ல விஷயத்தைச் சொல்லிர்றேன். நான் வண்டிப்பெரியார் பக்கத்துல ஒரு ஹோம்ஸ்டேயில வேலை பாக்குறேன். எங்க வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபேக்டரியில வேலை. மழைக்காலத்துல ஹோம்ஸ்டேக்கு ஆள் வரத்து கம்மி. சும்மா உக்காந்து மழையை வேடிக்கை பாக்குறதுக்கு, பின்னல் ஊசியைக் கையில எடுத்தேன். ஒரு மஃப்ளர் பின்னி இந்த குரூப்புல போட்டோ போட்டேன். நீங்களும் சும்மா இருக்காம ஆளாளுக்கு ஹார்ட்டு விட்டீங்க.

ஆக, இந்தப் பாவத்துல உங்களுக்கும் பங்கு இருக்கு.

அந்த தைரியத்துல எங்க நாத்தனா கிட்ட வாயை விட்டுட்டேன். அவங்க இருக்கிறது கம்பத்துல. அவங்க மகளுக்கு நிச்சயதார்த்தம் வச்சிருந்தாங்க. போன்ல பேசிட்டு இருக்கும்போது, "மதினி, மாப்பிள்ளைக்குப் போடுற மோதிரம், வெத்தலை பாக்கு எல்லாம் வச்சுக்கிட்டுப் போக நானே என் கையால ஒரு பை செஞ்சு தாரேன்"னு சொல்லிட்டேன்.

மதினி ஒரு இழு இழுத்துக் கேட்டாங்க.

"மலரு, நீயா?"

அந்த 'நீயா'ல ஒரு வரலாறே இருக்கு. கல்யாணமான புதுசுல அவங்க தம்பி சட்டைக்கு நான் பட்டன் தைச்சேன். பட்டனோட சேத்து சட்டையோட பின்பக்கத்தையும் தைச்சுட்டேன். அதை அவங்க இன்னும் சொந்தக்காரங்க கிட்ட சொல்லிச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.

"நானேதான் மதினி! பாருங்களேன்!"

சாயங்காலமே மாப்பிள்ளை வீடு வரைக்கும் சேதி போயிருச்சு. 'என் தம்பி பொண்டாட்டி கையால பின்னுன பையிலதான் மோதிரம் வருது.' இனிமே பின்வாங்க முடியாது.

இந்தப் பை செய்யுற முறை கொஞ்சம் கிறுக்குத்தனமானது. மொதல்ல பையைப் பெருசா, தொளதொளன்னு பின்னணும். அப்புறம் நல்ல சூடான தண்ணியில சோப்பு போட்டு அடிச்சுத் துவைக்கணும். கம்பளி சுருங்கி, இழையோட இழை ஒட்டி, கெட்டித் துணியாயிரும். ஃபெல்ட்டிங்னு பேரு. அதாவது, ஸ்வெட்டரைத் துவைக்கும்போது எதெல்லாம் செய்யக்கூடாதுன்னு நம்ம அம்மா சொல்லி வளத்தாங்களோ, அத்தனையும் வேணும்னே செய்யணும்.

எனக்கு ஏத்த வேலை!

சிவப்பு நூல் ஆன்லைன்ல வாங்கி, நாள் பூரா பின்னுனேன். எங்க வீட்டுக்காரர் தூக்கிப் பாத்துட்டு, "இது பையா, தேயிலைக் கொழுந்து அள்ளுற சாக்கா?"ன்னு கேட்டாரு.

"சுருங்கும்ங்க."

"சுருங்கட்டும். அதுவரைக்கும் உள்ள ஆளு யாரும் விழுந்துராம பாத்துக்க."

கைப்பிடி பின்னும்போது நூல் தீந்து போச்சு. கடைத்தெருவுல போய்க் கேட்டேன். கடைக்காரர் ஒரு சிவப்பு உருண்டையை எடுத்து நீட்டுனாரு.

"இது சுத்தக் கம்பளிதானா அண்ணாச்சி?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? ஆட்டைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்லவா?"

நம்பிட்டேன். ஆட்டையே சாட்சிக்குக் கூப்பிடுற மனுசன் பொய் சொல்லுவாரா?

எங்க வீட்டுல வாஷிங் மெஷின் கிடையாது. ஹோம்ஸ்டேயில இருக்கு, முன்னாடி கண்ணாடிக் கதவு வச்சது. முதலாளியம்மா மலையாளி, நான் சேச்சின்னுதான் கூப்பிடுறது. பையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"அலக்கிக்கோ மோளே. ஆனா வேகம் வேணும். சென்னையில இருந்து கெஸ்ட் வருது. டவல் எல்லாம் அலக்கணும்."

"இந்தா, இப்ப முடிஞ்சுரும் சேச்சி!"

போன்ல ஒரு வெள்ளக்காரம்மா வீடியோவை ஓட விட்டேன். கூட ஒரு பழைய ஜீன்ஸ் போடணும், அதுல உரசுனாத்தான் கம்பளி நல்லா இறுகும்னு சொல்லுச்சு. வீட்டுக்காரர் ஜீன்ஸைக் கையோட கொண்டு போயிருந்தேன். போட்டேன். சூட்டை உச்சத்துல வச்சேன். அந்தம்மா விரலைத் தூக்கி, முகத்தை சீரியஸா வச்சுக்கிட்டு, "வெரி வெரி இம்பார்ட்டன்ட்"னு ஆரம்பிச்சுச்சு.

அங்க நெட்வொர்க் போச்சு.

மழை நேரம். மலை. ரெண்டும் சேந்தா எங்க ஊர்ல டவர் லீவு எடுத்துரும். திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. கொஞ்ச நேரம் பாத்தேன். 'ரொம்ப முக்கியம்'னா வேற என்ன சொல்லிரப் போகுது? பொறுமையா இருங்க, மனசு வச்சுச் செய்யுங்கன்னு சொல்லும். நம்ம கிட்ட மனசு இருக்கு.

பட்டனை அமுக்கிட்டேன். கதவு டக்குன்னு பூட்டிக்கிச்சு.

கண்ணாடிக்கு முன்னாடி ஸ்டூலைப் போட்டு உக்காந்தேன். பை சுத்துது. ஜீன்ஸ் சுத்துது. நுரை பொங்குது. நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா தண்ணி ஊதாவா மாறுது.

ஜீன்ஸ் சாயம்!

பதறிப் போய் நிறுத்துற பட்டனை அமுக்குறேன். மெஷின் கேக்கல. கதவை இழுக்குறேன். வரல. சரியா அந்த நேரம் டவர் திரும்பி வந்துச்சு. வெள்ளக்காரம்மா விட்ட இடத்துல இருந்து நிதானமா பேசுச்சு. பைக்குள்ள ஒரு பிளாஸ்டிக் தாள் வைக்கணுமாம். வைக்கலன்னா முன்பக்கமும் பின்பக்கமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமாம். அப்புறம் தெறக்க முடியாதாம். அடிக்கடி கதவைத் தெறந்து பாக்கணுமாம்.

நான் கண்ணாடியைப் பாத்தேன். கொழுந்துச் சாக்கு இப்ப தலகாணி உறை அளவுல வந்துருச்சு. அடுத்த சுத்துல இன்னும் சின்னது. ஒரு உயிரு கண் முன்னால தேயுறதைப் பாத்துக்கிட்டு, கதவுக்கு வெளிய உக்காந்திருக்கிற நெலம எதிரிக்கும் வரக்கூடாது.

மெஷின் பாட்டுப் பாடி முடிச்சுச்சு. கதவு தெறந்துச்சு. எடுத்தேன்.

உள்ளங்கையை விரிச்சா அதவிடக் கொஞ்சம் பெருசு. கத்திரிக்கா கலரு. ரெண்டு பக்கமும் ஒட்டி, வாயே இல்ல. சோப்புக் கட்டி கணக்கா கெட்டியா இருக்கு. ஆனா கைப்பிடி மட்டும் பின்னுனப்போ எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம்! ஒரு இஞ்சு சுருங்கல. அண்ணாச்சியோட ஆடு பிளாஸ்டிக் ஆடு போல.

தோள்ல மாட்டிப் பாத்தேன். பை கணுக்கால் கிட்ட தொங்குச்சு.

சேச்சி எட்டிப் பாத்தாங்க. "எந்தா மோளே இது? பாத்திரம் தேய்க்கிறதா?"

பையைச் சுருட்டி எடுத்துக்கிட்டு சமையல்கட்டுப் பக்கம் ஓடிட்டேன். சேச்சி வெள்ளை டவலை எல்லாம் அதே மெஷின்ல போட்டாங்க. மெஷினுக்குள்ள என் கம்பளி உதுத்த பஞ்சு அப்படியே இருக்குன்னு எனக்கு அப்பத் தோணல. தோணியிருந்தா நான் ஏன் இப்படி இருக்கப் போறேன்?

சென்னைக்காரக் குடும்பம் வந்தாங்க. சார் மூஞ்சியைக் கழுவிட்டு, அந்த டவலால நல்லா அழுத்தித் தொடச்சுக்கிட்டு வெளிய வந்தாரு. ரெண்டு நாள் சவரம் பண்ணாத மூஞ்சி. பஞ்சு பூரா அதுல ஒட்டிக்கிச்சு.

கத்திரிக்கா கலர்ல தாடி!

அவரு பொண்டாட்டி கையில இருந்த டீ கப்பைக் கீழ வச்சுட்டு, "ஏங்க, உங்களுக்கு என்னமோ ஆயிருச்சு!"ன்னு கத்துனாங்க. சார் கண்ணாடியைப் பாத்துட்டு இன்னும் சத்தமா கத்துனாரு. காட்டுல ஏதோ பூச்சி கடிச்சிருச்சு, ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுங்கங்கறாரு. சேச்சி என்னைப் பாத்தாங்க. நான் சீலிங்கைப் பாத்தேன்.

அப்புறம் ஒப்புக்கிட்டேன். செலோ டேப்பைக் கொடுத்து, ஒட்டி ஒட்டி எடுக்கச் சொன்னேன். பொண்டாட்டி எடுக்க எடுக்க, சாரோட மீசை முடியும் டேப்போட சேந்து வந்துச்சு. பாதி டேப்புல இருந்து அந்தம்மா சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதனாலதான் என் வேலை தப்பிச்சுச்சு. மத்த டவல் அத்தனையும் கையால பஞ்சு பொறுக்குற தண்டனையோட சேச்சி விட்டுட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் நானும் வீட்டுக்காரரும் பையை ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுத்தோம். அவரு சுவர்ல காலைக் கொடுத்து இழுத்தாரு. ஒட்டுனது விடல. கடைசியில கத்திரியால மேல்பக்கம் வெட்டி, நடுவுல கத்தியை விட்டுக் கீறிக் கீறித்தான் ஒரு வாய் உண்டாக்குனேன். பை செய்யல, ஆபரேஷன் பண்ணேன். கத்தி ரெண்டு எடத்துல வெளிய வந்துருச்சு. அந்த ஓட்டையை மறைக்க மஞ்சக் கம்பளியில பூ வச்சுக் குத்துனேன். கம்பளியைக் கம்பளியோட ஒட்ட வைக்கக் குத்துற அந்த ஊசி இருக்கே, அதுக்குக் கம்பளிக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாது. பூ முடியுறப்போ என் கையில பை அளவுக்குப் பிளாஸ்திரி இருந்துச்சு. கைப்பிடியை நாலஞ்சு முடிச்சுப் போட்டுக் குட்டையாக்குனேன்.

வீட்டுக்காரர் தூர இருந்து பாத்தாரு. கிட்ட வந்து பாத்தாரு. "தூரத்துல இருந்து பாத்தாப் பரவாயில்ல"ன்னாரு.

"எவ்வளவு தூரத்துல இருந்து?"

"இங்க இருந்து கம்பத்தைப் பாக்குற தூரம்."

நிச்சயதார்த்தத்தன்னைக்குக் காலையில பஸ் ஏறி, மலை இறங்கி, கம்பம் போய்ச் சேந்தோம். மதினி மண்டப வாசல்லயே நின்னாங்க. பட்டுச் சேலை, தலை நெறையப் பூ.

"வா மலரு. பை எங்க?"

நீட்டுனேன்.

"இதுல பாக்கு வச்சிருக்கியாக்கும். சரி, பை எங்க?"

"இதுதான் மதினி பை."

அவங்க என்னைத் திட்டல. அதுதான் பயமா இருந்துச்சு. வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. உள்ள மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. "கையால பின்னுன பை எங்க?"ன்னு காலையில இருந்து கேட்டுக்கிட்டிருக்காங்களாம். மதினிக்கு மானப் பிரச்சினை. மோதிர டப்பியை உள்ள நுழைச்சுப் பாத்தாங்க. போகல. கடைசியில பல்லைக் கடிச்சுக்கிட்டு, டப்பியில இருந்து மோதிரத்தை மட்டும் எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டாங்க.

கல்லு வச்ச மோதிரம். கல்லைச் சுத்திப் பொடிப் பொடியாக் கொக்கி. பைக்கு உள்பக்கம் நான் கத்தியால கீறுன எடம், மயிரு மயிரா.

உங்களுக்குப் புரிஞ்சிருச்சுல்ல? எனக்கு அங்க புரியல.

தட்டு மாத்தியாச்சு. "மோதிரத்தை எடுங்க"ன்னாங்க. மதினி சிரிச்சுக்கிட்டே ரெண்டு விரலை உள்ள விட்டாங்க. சிரிப்பு நின்னுச்சு. இழுத்தாங்க. வரல. திருகுனாங்க. கம்பளி மோதிரத்தை இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. வீட்டுக்காரர் போய் இழுத்தாரு. பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "மாமா, மெதுவா"ன்னு முணுமுணுக்குறா. ஒரு பெரியவர் கடிகாரத்தைப் பாத்து, "நல்ல நேரம் முடியப் போகுதப்பா"ன்னு குரல் கொடுத்தாரு.

நான் சபையில மறைய ஒரு தூண் தேடுனேன். இப்ப எந்த மண்டபத்துலங்க தூண் கட்டுறாங்க?

அப்பத்தான் மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சாங்க. வெத்தலைத் தட்டுல இருந்த பாக்குவெட்டியை எடுத்தாங்க. மதினி கையில இருந்து பையை வாங்கி, மஞ்சப் பூவுக்குக் குறுக்க நறுக்குன்னு வெட்டுனாங்க. மோதிரம் வந்துச்சு. ஆனா தனியா வரல. சுத்திலும் கத்திரிக்கா கலர்ல புசுபுசுன்னு கம்பளியோட வந்துச்சு.

கம்பத்து வெயில்ல ஸ்வெட்டர் போட்ட மோதிரம்!

பிச்சு எடுக்க நேரமில்ல. அப்படியே போட்டாங்க. மாப்பிள்ளை விரலை முகத்துக்கு நேரா தூக்கிப் பாத்தாரு. அப்புறம் எங்க மதினியைப் பாத்து, "பரவாயில்ல அத்தை, ஹனிமூனுக்கு உங்க தம்பி ஊருக்குத்தான் போறோம். அங்க குளிருமாம்ல"ன்னாரு.

சிரிப்பு ஆரம்பிச்சது பாருங்க, சாப்பாட்டுப் பந்தி முடியுற வரைக்கும் ஓயல. மாப்பிள்ளையோட அம்மாவும் கண்ணைத் தொடச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. பொண்ணு தலை நிமிந்து சிரிச்சா. அந்த போட்டோதான் நல்லா வந்திருக்கு, ஆல்பத்துக்கு அதையே எடுத்திருக்காங்க. பெரிசு பண்ணிப் பாத்தா விரல்ல பஞ்சு தெரியும்.

மதினி மட்டும் சிரிக்கல. பஸ் ஏத்தி விட வந்தப்பவும் அதே மூஞ்சிதான். வீடு வந்து சேந்த அப்புறம்தான் அவங்க தம்பிக்கு போன் பண்ணாங்க. கல்யாண நாள் முடிவாயிருச்சாம். பக்கத்துல நின்ன எனக்கும் கேக்குற மாதிரி சத்தமா, தெளிவா சொன்னாங்க:

"தம்பி, தாய்மாமன் சீரு எது வேணும்னாலும் செய். ஆனா கடைப் பில்லோட கொண்டு வா."