உர்சுலா அழுத கல்லறை

எனக்கு ஜெர்மன் பாஷை தெரியாது. இந்த ஒரு வரியை ஒத்துக்கொள்ள எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகவேண்டியிருந்தது.

ஆறு வருடம் ஜெர்மனியில் இருந்தவன் நான். ஆறு வருடமும் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினிக்குள் கோப்பை கழுவினேன். 'சூடு', 'கெதியாய்', 'பிழையான மேசை' என்பவற்றோடு என் ஜெர்மன் நின்றுவிட்டது. முதலாளி என்ன கேட்டாலும் "யா, யா" என்று தலையாட்டினால் வேலை போகாது என்பதையும் படித்திருந்தேன். ஆனால் வேலணைக்குத் திரும்பி வந்தபிறகு ஊரில் நான் ஜெர்மன் பண்டிதன். (நானே பரப்பிய செய்திதான்.)

நாலு வருடத்துக்கு முன் ஒருநாள் காலை, ஓட்டோ ஓட்டும் செல்வம் படலையில் நின்று கூப்பிட்டான்.

"அண்ணை, உங்கட பாஷைக்காரி ஒருத்தி வந்திருக்கிறா."

உர்சுலாவுக்கு எழுபது வயதிருக்கும். தன் ஊரில் உள்ள ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் தமிழில் எழுதி வாங்கிய தாளொன்றை நீட்டினார். அவருடைய பூட்டனார் ஒரு கப்பல் தச்சன். பாய்க்கப்பல் காலத்தில் ஊர்காவற்றுறைக்கு வந்து, இங்கேயே குடியிருந்து செத்துப்போனாராம். மனைவியும் ஒரு மகளும் ஜெர்மனியில். அந்த மகள் சாகும்வரை தகப்பனைத் தேடினாளாம். கையில் இருந்த ஒரே அடையாளம், அவர் செத்தபிறகு இங்கிருந்து போன ஒரு பழைய கடிதம்: கடலோரச் சேமக்காலை, நங்கூரம் செதுக்கிய கல்.

தாளோடு மொழிபெயர்க்கும் போனையும் நீட்டினார். நான் வேண்டாம் என்று கைகாட்டினேன். (பண்டிதனுக்குப் போனா?)

சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, இரண்டு மணித்தியாலம் வெயிலில் அலைந்தோம். உப்புக்காற்று பல கற்களின் எழுத்தைத் தின்றுவிட்டிருந்தது. களைத்துப்போய் ஒரு கல்லறையோடு சாய்ந்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்தேன். உர்சுலா ஓடி வந்தார். என் முழங்கைக்குப் பக்கத்தில், எழுத்தழிந்த கல்லில் ஒரு நங்கூரம். அதைக் காட்டி நீளமாக ஏதோ கேட்டார். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"யா, யா," என்றேன்.

உர்சுலா அப்படியே முழந்தாளில் விழுந்தார். நெற்றியைக் கல்லில் வைத்து, உடம்பு குலுங்க அழுதார். நானும் பக்தியோடு தலை குனிந்து நின்றேன்.

பின்னால் ஒரு குரல் கேட்டது. "ஆர் இது? என்ர அம்மான்ர கல்லறையில ஏன் அழுறா?"

கையில் மெழுகுதிரியோடு ஒரு பெண். பெயர் பிலோமினா என்று பிறகுதான் தெரிந்தது.

"உங்கட அம்மாவோ, அக்கா?"

"ஓம். அப்பா வள்ளம் வைச்சிருந்தவர். அதாலதான் நங்கூரம் போட்டனாங்கள்."

"தன்ர பூட்டன் எண்டு நினைச்சு அழுறா, அக்கா. நான்தான் பிழைவிட்டனான்."

"அப்ப அவவுக்குச் சொல்லுமன்!"

"ஏலாது அக்கா. எனக்கு அந்தளவு ஜெர்மன் தெரியாது."

முதல்முறையாக அந்த உண்மை என் வாயால் வந்தது, முன்பின் தெரியாத ஒருவரிடம்.

பிலோமினா அக்கா ஏச வாயெடுத்தவர், உர்சுலாவைப் பார்த்துவிட்டு அடங்கினார்.

"அம்மா செத்தபோது தம்பிமார் ரெண்டு பேரும் வெளிநாட்டில. விசா இல்லை, வர ஏலேல்லை. நான் தனியத்தான் அழுதனான்," என்றார். மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு உர்சுலாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "கொஞ்சநேரம் அழட்டும், விடும்."

அழுகை ஓய்ந்ததும் நான் கல்லறையைக் காட்டி, தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்: "பிழையான மேசை."

உர்சுலா விழித்தார். பிறகு போனை நீட்டினார். நான் அதற்குள் தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். போன் தன் குரலில் என் மானத்தை வாங்கியது. கேட்டு முடித்த உர்சுலா என்னைப் பார்க்கவேயில்லை. பிலோமினா அக்காவிடம் கைச்சாடையால் கல்லறையைக் காட்டிப் பெயர் கேட்டார்.

"மரியம்மா."

தன் கொப்பியைத் திறந்து, பூட்டனார் பெயருக்குக் கீழே அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டார். திரும்பும்போது என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் பேசாததற்கு மட்டும் எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பூட்டனாரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. உர்சுலா வருடாவருடம் வந்து தேடுகிறார். தங்குவது பிலோமினா அக்கா வீட்டில். போன வருடம் அக்காவின் மகள் கலியாணப் படத்தில், சேலை கட்டிக்கொண்டு மாமிமார் வரிசையில் நிற்கிறார்.

"இந்த வெள்ளைக்காரி ஆர்?" என்று கேட்பவர்களுக்குப் பிலோமினா அக்காவிடம் ஒரே பதில்தான்.

"அம்மான்ர பக்கத்து ஆள்."

என் மனைவி பக்கத்தில் இருந்தால் சும்மா இருக்கமாட்டாள். "அந்தச் சம்பந்தம் பேசி முடிச்சது எங்கட வீட்டுக்காரர்தான்," என்பாள்.