அரைப் பேர்

"பந்து வருது, பிடியுங்கோ!" என்று கத்திக்கொண்டே தியாகராஜா வெறுங்கையை வீசினான்.

இல்லாத அந்தப் பந்தை ராக்கம்மா அழகாகப் பிடித்தாள். பிடித்து, தோளுக்குப் பின்னால் இல்லாத கூடைக்குள் போட்டாள். இருபது வருசமாகக் கொழுந்து பறிக்கிற கை, வேறென்ன செய்யும்?

"கூடைக்குள்ள இல்லை அக்கா! அடுத்த ஆளுக்கு எறியோணும்."

"சரிங்க ஐயா."

அடுத்த பந்து பாலம்மாவுக்குப் போனது. அதுவும் கூடைக்குள். பன்னிரண்டு பெண்களுக்குப் பன்னிரண்டு பந்து எறிந்தான், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

தியாகராஜா கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் நலன்புரி உத்தியோகத்தன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வந்து ஆறு மாதம். தொழிலாளரை நிர்வாகத்தோடு மனம்விட்டுப் பேச வைப்பது அவன் வேலை. இதுவரை அவன் பெற்ற ஒரே பதில் "சரிங்க ஐயா". வேறு வழி தெரியாமல் கொழும்புக்குப் போய், எழுதி வைக்காமல் அந்தந்த நேரத்தில் தோன்றுவதைப் பேசி நடிக்கிற பயிற்சியை மூன்று நாள் கற்றுக்கொண்டு வந்திருந்தான்.

இன்று பத்து மணிக்குக் கண்டித் தலைமை அலுவலகத்திலிருந்து மஸீனா மேடம் பார்க்க வருகிறார். பெண்கள் வாயைத் திறந்தால் அவனுக்கு வேலை நிரந்தரம். திறக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவனுக்குப் பேசி வைத்திருக்கும் பெண் வீட்டாருக்கோ வேலை நிரந்தரமாகிவிட்டது என்று போன மாதமே சொல்லித் தொலைத்துவிட்டான், பாவம்!

மணி பத்தாகியும் மேடத்தைக் காணோம். தப்பித்தோம் என்று நினைத்து, "சரி, ஆளுக்கொரு வரியாக் கதை சொல்லுவம். ஒரு ஊரில ஒரு துரை இருந்தார். பிறகு, ராக்கம்மாக்கா?" என்றான்.

ராக்கம்மா நன்றாக யோசித்தாள். "இருந்துட்டுப் போகட்டுங்க ஐயா."

கதை அத்தோடு முடிந்தது. இனி மிச்சமிருந்தது, போன வாரமே அவர்கள் கூடியிருந்த பிள்ளை மடுவத்து, அதாவது குழந்தைகள் காப்பகத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய அம்சம் மட்டும்தான். தோட்டத்தை நடத்தும் துரையும் தொழிலாளியும் இடம் மாறுவார்கள். யாரும் 'இல்லை' சொல்லக்கூடாது. எதைக் கேட்டாலும் 'ஆமா, அதோட' என்று தொடர வேண்டும்.

"இதை இப்பவே ஒருக்காச் செய்து பாப்பம்."

"இப்பவேவா? மேடம் இன்னும் வரலீங்களே ஐயா!" என்று பாலம்மா பதறினாள்.

"பரவாயில்லை. ராக்கம்மாக்கா துரை, நான் தொழிலாளி."

ராக்கம்மா இடுப்பில் செருகியிருந்த பழைய கண்ணாடியை எடுத்து மாட்டினாள். கதிரையில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டாள். தொண்டையைச் செருமினாள். அசல் துரையின் செருமல்!

"துரை, நாங்கள் குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகுது" என்றான் தியாகராஜா.

"ஆமா, அதோட கக்கூசுக்குக் கதவும் இல்ல. நாளைக்கே ஆள் அனுப்புறேன். அடுத்து?"

"குழாயில தண்ணியும் வருகுதில்லை, துரை."

"ஆமா, அதோட அதச் சொல்ல வர்ற ஆளுகள ஆபீசு வாசல்ல ஒரு மணி நேரம் நிக்க வைக்கிறோம். நல்லாவா இருக்கு?"

மடுவமே சிரித்தது. தியாகராஜா வாசலைத் திரும்பிப் பார்த்தான். மேடம் காதில் இது விழுந்தால்?

"காணும் அக்கா, நிப்பாட்டிப்போட்டு எழும்புங்கோ."

"ஆமா, அதோட நீயும் கொழுந்து பறிக்க மலைக்குப் போ. வேல நேரத்துல என்னா பேச்சு?"

அந்த நேரம் பார்த்துத்தானா கதவு திறக்க வேண்டும்! கோப்போடு மஸீனா மேடம் நின்றார். ராக்கம்மா கண்ணாடிக்கு மேலாக அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மணி பத்தரை. பிரட்டுக்கு லேட்டு. இன்னைக்கு ஒங்களுக்கு அரைப் பேருதான்!"

பிரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். அங்கே பிந்தி வந்தவளுக்கு அரைப் பேர், அதாவது பாதிநாள் சம்பளம். தலைமை அலுவலகத்துக்கே அரைப் பேர் போட்டாயிற்று!

"இல்லை மேடம், இது வந்து..."

"இல்லன்னு சொல்லக் கூடாதுங்க ஐயா!" என்று பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மஸீனா மேடம் சுவரில் இருந்த விதியை வாசித்தார். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"ஆமாங்க தொர, அதோட பேராதனைச் சந்தியில ஒரே வாகன நெரிசல். கார் அசையவே இல்ல."

"ஆமா, அதோட எங்க பொண்டுக புள்ளைய மடுவத்துல விட்டுட்டு ஓடி வருதுக. அதுகளுக்கு மட்டும் ஏன் அரைப் பேரு?"

மேடம் கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். தியாகராஜா மனசுக்குள் மூட்டையைக் கட்டிவிட்டான்.

"கால் மணி, அரை மணி பிந்தினதுக்கு இனி அரைப் பேர் போட வாணாம்னு நானே இண்டைக்கு எழுதுறேன்" என்றார் மேடம், நிதானமாக.

"ஆமா, அதோட வர்ற ஆளுக்கெல்லாம் கதிர குடுத்து ஒக்கார வைக்கிறது நம்ம தியாகராஜா ஐயா ஒருத்தருதான். அவர எங்கயும் அனுப்பிறாதீங்க."

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். கைதட்டினார். எதையோ சொல்ல வாயைத் திறந்த பாலம்மா, கைதட்டலைக் கேட்டுவிட்டு மூடிக்கொண்டாள்.

"நாங்க இத்தன வருசமாப் பேச வைக்க முடியாத ஆக்கள ஆறு மாசத்தில பேச வச்சிட்டீங்க, தியாகராஜா!" என்று சொல்லி, மேடம் அங்கேயே நிரந்தர நியமனத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

தியாகராஜாவுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

"ராக்கம்மாக்கா, எழுதி வைக்காமல் திடீரெண்டு இவ்வளவும் எப்பிடி வந்தது?"

ராக்கம்மா கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகினாள். "சரிங்க ஐயா" என்றாள்.

பாலம்மாவால்தான் பொறுக்க முடியவில்லை.

"என்னாத்த திடீர்னு? ஒங்க வேல போயிருமேன்னு, செவத்துல நீங்க ஒட்டுனதப் பாத்து மூணு நாளா லயத்துல ஒத்திகை பாத்தோம்! அந்த மேடம் நேரத்தோட வந்திருந்தா ஒத்திகைப்படி எனக்கும் ரெண்டு வசனம் இருந்துச்சுங்க ஐயா!"