மாதாவுக்கு நான் அடித்த நீலம்

ஒரு நல்ல ஓவியரின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். (நோக்கம் பக்திதான். நான் செய்த மோசமான காரியங்கள் பெரும்பாலும் பக்தியில் செய்தவை.)

எண்பதுகளில் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் வாத்தியாராக இருந்தேன். அங்கிருந்த சின்ன மாதா கோவிலும் என் பொறுப்பு. காப்பி மூட்டைகளில் எண் எழுதும் பொன்னுசாமி இந்து. ஆனாலும் கோவிலுக்கு மாதா படம் கேட்டதும் பெரிய பலகையில் வரைந்து தந்தார். திருவிழாவுக்கு வரும் பங்குச் சாமியாருக்குப் படம் பிடித்துவிட்டால், டவுன் கோவிலின் பீடச் சுவர் முழுவதும் வரையும் வேலை பொன்னுசாமிக்கே என்று பேச்சு. மூட்டைகளிலிருந்து தப்பிக்க அவருக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

படத்தில் மாதாவின் இடுப்பில், காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் கட்டுகிற சாக்கு. எனக்குப் பொறுக்கவில்லை. மாதா என்ன கூலிக்கா போனார் என்று கேட்டேன்.

"தச்சர் சம்சாரம் ஊட்ல சும்மாவா உக்காந்திருப்பாங்க வாத்தியாரே?" என்றார்.

திருவிழாவுக்கு முந்தின நாள், பள்ளி ஜன்னல்களுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை எடுத்துப் போய், சாக்கின் மேல் நானே ஓர் அங்கியைப் பூசினேன். (அதற்கு முன் நான் வரைந்ததெல்லாம் கரும்பலகையில் இந்திய வரைபடம். அதிலும் கேரளம் விடுபட்டுப் போகும்.) செப்டம்பர் மூடுபனியில் துவைத்த வேட்டியே மூன்று நாள் காயாது என்பது எம்.ஏ. படித்த மூளைக்கு எட்டவில்லை.

மறுநாள் பூசை முடிந்ததும் எல்லோரும் வரிசையாக வந்து மாதாவின் அங்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பத்தே நிமிடத்தில் எங்கள் சபை நீல முகச் சபையாகிவிட்டது. கண் எரிந்து குழந்தைகள் அலறின. ஆசீர்வாதம் வாங்க வந்த ஒரு குழந்தை சாமியாரின் வெள்ளை அங்கியில் ஐந்து விரலையும் பதித்தது. இது யார் வேலை என்றார் சாமியார்.

பொன்னுசாமி கதவோரம் நின்றிருந்தார். நான் அவர் பக்கம் தலையை அசைத்து, "சொன்னாக் கேக்கலைங்க சாமி" என்றேன்.

பொன்னுசாமி என்னையே பார்த்தார். பீடச் சுவர் சேலத்து ஆளுக்குப் போயிற்று. மண்ணெண்ணெய் விட்டு நீலத்தைத் துடைத்தேன். அடியிலிருந்த மாதாவும் கரைந்துபோனார்.

பதினொரு வருடம் கழித்துத்தான் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். வேறு சாமியார். என்னிடம் சொன்னது போதாது, அவரிடம் போய்ச் சொல் என்றார். பொன்னுசாமி அப்போது பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"தெரியுமுங்க. அன்னிக்குப் பூசைக்கு முன்னாலயே உங்க நகமெல்லாம் நீலம். கோயில்ல இருந்த அத்தன பேரும் பாத்தாங்க."

"ஏன் யாருமே சொல்லலை?"

"வாத்தியாரு பேச்சுக்கு எதுக்க ஆருங்க பேசுவா? நீங்களே சொல்லீருவீங்கன்னு நொம்ப நாள் பாத்தனுங்க."

அடுத்த ஞாயிறு கோவிலில் எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னேன். தெரிந்த கதைதானே, சிரித்தார்கள். மறுபடி ஒரு மாதாவை வரைந்து தரும்படி பொன்னுசாமியைக் கேட்டேன். கை மறந்துவிட்டது என்றார்.

வீட்டில் இன்றும் ஒரு டம்ளர் உடைந்தால், "அப்பா, நகத்தைக் காட்டுங்க" என்பாள் மகள். நானும் காட்டுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். அவள் கல்யாணப் பந்தியில் யாரோ இதைப் பொன்னுசாமி எதிரிலேயே சொல்லிவிட்டார்கள். பந்தியே சிரித்தது. அவர் மட்டும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்து, ஜீப்புக்கு ஆள் காத்திருக்கிறது என்று எழுந்து போனார்.