ரிஜெக்ட் சாரும் யானைக்கால் மாத்திரையும்

இரட்டை நகரங்களில் ரிஜெக்ட் சார் கண்ணில் மண்ணைத் தூவிய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. செகந்திராபாத் மணிக்கூண்டையே பெயர்த்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்திருந்தாலும், சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "நக்கோ வே!" என்று திருப்பி அனுப்பியிருப்பார். 'வே' அவர் பிறந்த திருநெல்வேலிச் சீமையின் சொத்து. வேண்டாம் என்று பொருள்படும் 'நக்கோ', ஹைதராபாத்தில் இத்தனை வருஷம் இருந்து அவர் கற்றுக்கொண்ட ஒரே சொல். அவர் பார்த்த உத்தியோகத்துக்கு அந்த ஒரு சொல் தாராளமாகப் போதும்.

பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் அவரும் நானும் வேலை பார்த்தோம். நான் டிராயிங் ஆபீஸ், அவர் இன்ஸ்பெக்‌ஷன். வெளியிலிருந்து வரும் சாமான்களைச் சோதித்து, தேறாதவற்றில் நூல் கோத்த சிவப்புச் சீட்டைக் கட்டுவது அவர் வேலை. சீட்டில் 'ரிஜெக்டட்' என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே காரணம் எழுத ஒரு கோடு. கட்டியவர் கையால்தான் அதை அவிழ்க்க வேண்டும், ஜெனரல் மானேஜரே வந்தாலும் தொடக்கூடாது என்பது தொழிற்சாலைச் சட்டம். ரிஜெக்ட் சார் அதை நாங்கள் குடியிருந்த மல்காஜ்கிரி முழுவதற்குமான சட்டமாக்கிவிட்டார்.

சட்டைப் பையில் சீட்டுக் கட்டு இல்லாமல் அவரைப் பார்த்தவர் இல்லை. ஆட்டோ மீட்டரில் ஒரு முறை கட்டினார். காரணம்: 'வண்டியைவிட வேகம்.' பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் சாம்பார் அண்டாவின் காதில் கட்டினார். காரணம்: 'பருப்பு வந்து சேரவில்லை.' சமையல்காரர் கரண்டியும் கையுமாக ஓடிப்போய் இன்னொரு படி பருப்பை வேகவைத்துக் கொட்டிய பிறகுதான் அவிழ்த்தார். அதுவரை பந்தியில் ஒருத்தர்கூடச் சோற்றில் கைவைக்கவில்லை. அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தபால்காரரே தெருமுனையில் நின்று, "ரிஜெக்ட் சாப் கர்?" என்றுதான் அவர் வீட்டை விசாரிப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஆட்டி வைத்தது நாய்ப் பயம் ஒன்றுதான். எங்கள் தெருவிலோ வீட்டுக்கு ஒரு நாய். என் வீட்டுக்கு வந்தால் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "கட்டியாச்சா?" என்று குரல் கொடுப்பார். எங்கள் நாய்க்கு என் மகள் மாலு வைத்த பெயர் பிஜிலி, அதாவது மின்னல். எங்கள் பிஜிலி மின்னி யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டை அதன் இருப்பிடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என்றாலும் கட்டாமல் உள்ளே வரமாட்டார்.

அந்த வருஷம் மழை தொடங்கியதும் தெரு நாய், வீட்டு நாய் என்று வித்தியாசமில்லாமல் தெள்ளுப்பூச்சி பிடித்தது. நாய்களில் இடம் போதாமல் பூச்சிகள் எங்கள் மீதும் குடியேறின. விருந்தாளிகள் காபியை நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார்கள். இது போதாதென்று அடுத்த தெரு அல்சேஷன் நாய் இருமி இருமி இளைத்துச் செத்துப்போனது. கொசு கடித்து நெஞ்சில் புழு வைத்துவிட்டது என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர். மாலு அன்று முழுவதும் பிஜிலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிஜிலிக்கும் லேசாக ஓர் இருமல் இருந்ததை நானும் என் மனைவி கமலாவும் கவனித்திருந்தோம். ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

மனிதர்களுக்குக் கொடுக்கும் யானைக்கால் மாத்திரையைத்தான் நாய்க்கும் தினம் கொடுத்து நெஞ்சுப் புழு வராமல் தடுப்பார்கள். மாத்திரையும் தெள்ளுப்பூச்சிக்குக் கமாக்சின் பவுடரும் தெருவுக்கே மொத்தமாக வாங்கினால் பாதிச் செலவில் முடியும் என்று முடிவாயிற்று. மலிவாகவும் வேண்டும், மட்டமாகவும் இருக்கக்கூடாது என்றால் ரிஜெக்ட் சாரை விட்டால் வேறு யார்? என் ஸ்கூட்டரின் பின்னால் அவரை ஏற்றிக்கொண்டு பேகம் பஜாருக்குப் போனேன்.

மொத்தக் கடை சேட் வெள்ளை மெத்தையில் சாய்ந்தபடி பவுடர் மூட்டையைத் திறந்துகாட்டி, முதல் தரச் சரக்கு என்ற கர்வத்தோடு "அவ்வல் மால் சாப்!" என்றார். ரிஜெக்ட் சார் பொடியைத் தொட்டார், முகர்ந்தார். பிறகு பையிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தது என்று நினைத்தேன்.

"என்ன ஊறுகாய் சார்?"

"தெள்ளுப்பூச்சிவே. கமலாம்மா சீப்பால வாரிக் குடுத்தாக. சோதனைக்கு ஒரு ஜாப் இல்லாம இன்ஸ்பெக்‌ஷன் பண்ண முடியுமா?"

ஒரு சிட்டிகைப் பொடியை உள்ளே போட்டு மூடிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பூச்சிகள் பவுடர் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பியவைபோலத் தெம்பாகத் துள்ளின. சாட்சிக்கு சேட்டும் பார்க்கட்டும் என்று அவர் மூடியைத் திறந்து நீட்டினார். அடுத்த கணம் அத்தனையும் மெத்தைக்குக் குடிபோய்விட்டன.

"அரே பாப்ரே! கைக்கு லாயே சாப்?" என்று சேட் எழுந்து நின்று அலறினார். ஏன் கொண்டுவந்தோம் என்று விளக்குவதற்குள் நான் இரண்டடி பின்வாங்கியிருந்தேன். ரிஜெக்ட் சாரோ அமைதியாக மூட்டையில் சிவப்புச் சீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். காரணம்: 'சுண்ணாம்பு. பூச்சி சௌக்கியம்.' சேட் உள்ளேயிருந்து சீல் உடைக்காத டப்பாவை வரவழைத்தார். அந்தப் பொடியை மெத்தையில் தூவியதும் பூச்சிகள் அடங்கிப்போயின. விலை பேசவே வேண்டியிருக்கவில்லை. ஒரு கையால் முதுகைச் சொறிந்துகொண்டே, கொடுப்பதைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று மறு கையால் கும்பிட்டார் சேட். வரும் வழியில் கோட்டி கடைத்தெருவில் பெரிய டப்பாவாக மாத்திரையையும் வாங்கிவந்தோம். 'அடேயப்பா, என்ன மனுஷன்!' என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். என் முதுகும் அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைப் பங்கு போடத் தெருவே என் வீட்டு வராந்தாவில் கூடியது. நான் முதல் மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து பிஜிலியின் வாயருகே கொண்டுபோயிருந்தேன். பிஜிலி வாயைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"நக்கோ வே! எடும் கைய!"

ரிஜெக்ட் சார். எந்த நாய்க்கு எத்தனை மாத்திரை என்று கேட்டுவர மாட்டாஸ்பத்திரிக்குப் போனவர், மூச்சிரைக்க ஓடிவந்திருந்தார். "கட்டியாச்சா?" என்று கேட்காமல் அவர் எங்கள் கேட்டைத் தாண்டியது அன்றுதான். நேராக வந்து மாத்திரை டப்பாவில் சிவப்புச் சீட்டைக் கட்டினார்.

"நீங்க வாங்கின மருந்துதானே சார்?" என்றேன்.

"மருந்து ஓகேவே. நாய்தான் இன்னும் ஓகே ஆகல. ரத்தத்துல ஏற்கெனவே புழு இருக்க நாய்க்கு இத குடுத்தா, நாயே போயிரும்னு டாக்டர் சொல்லுதாரு. மொதல்ல ரத்தம் பாக்கணும்."

"எங்க நாய் நல்லாத்தான் இருக்கு" என்றது ஒரு குரல்.

"அந்த அல்சேஷனும் போன மாசம் நல்லாத்தாம்வே இருந்திச்சு."

ஒரு வாரம் அந்த டப்பா எங்கள் வீட்டு அலமாரியில் சிவப்புச் சீட்டோடு உட்கார்ந்திருந்தது. பணம் கொடுத்தவர்கள் வந்து ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார்களே தவிர, நூலைத் தொட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் டாக்டரே மைக்ராஸ்கோப்போடு வந்தார். இந்தப் புழு ரத்தத்தில் அதிகம் தலைகாட்டுவது பொழுது சாயும்போதுதானாம். கேரம் போர்டின் மேல் மைக்ராஸ்கோப்பை வைத்தோம். ரிஜெக்ட் சார் நாய்களுக்கு எட்டாத தூரத்தில் நாற்காலி போட்டு, கால்களைத் தூக்கி மடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். ஒவ்வொரு நாயாகத் தேறியது. பிஜிலியின் முறை வந்தது. பிறந்ததிலிருந்து அசையாத பிராணி, ஊசியைப் பார்த்ததும் தன் பெயருக்கு நியாயம் செய்தது. கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு பறந்து, உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல், ரிஜெக்ட் சாரின் மடியில் போய்த் தலையைப் புதைத்துக்கொண்டது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். "முருகா, முருகா" என்று உதடு முணுமுணுத்தது. ஒரு கையை மெல்ல அதன் தலையில் வைத்து, மறு கையால் முன்னங்காலைப் பிடித்துக்கொடுத்தார். "ஓடிராதட்டி… ஒண்ணும் செய்யாது" என்றார். யாருக்குச் சொன்னாரோ தெரியாது.

டாக்டர் பார்த்தார். நகர்ந்து இடம் விட்டு, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். கண்ணாடிக்குள் மெல்லிய இழைகள் நெளிந்துகொண்டிருந்தன. போன வாரம் என் கையில் இருந்த வெல்ல உருண்டை ஞாபகம் வந்து, கையை அழுந்தத் துடைத்துக்கொண்டேன்.

"மர் ஜாயேகி க்யா அங்கிள்?" என்று அழுதாள் மாலு. செத்துப்போய்விடுமா என்று எங்களைக் கேட்கவில்லை, அவரைத்தான் கேட்டாள். எத்தனையோ லாரி சரக்கை ஈவிரக்கமில்லாமல் திருப்பியனுப்பியவர், கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

"நக்கோ தாயி. இது ரிஜெக்ட் இல்ல. ரீவொர்க். சரி பண்ணிரலாம்."

டாக்டர் ஊசி போட்டார். போட்ட பிறகு பல வாரம் நாய் ஓடவோ குதிக்கவோ கூடாது, அசந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். ஓடாமல் இருப்பதில் பிஜிலியை மிஞ்ச ஆள் ஏது? அந்தச் சோம்பேறித்தனம்தான் அதைக் காப்பாற்றியது என்று நான் இன்றும் நம்புகிறேன். ரிஜெக்ட் சார் தேறிய நாய்களின் பங்கைப் பிரித்துக் கொடுத்து, பிஜிலியின் பங்கோடு டப்பாவை மறுபடி கட்டிவைத்தார். தினம் ஆபீஸ் விட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து காவல் இருந்தார். மற்ற நாய்களைக் கண்டால் மட்டும் பழைய பயம்தான், மதில் மேல் ஏறிவிடுவார். மறுபடி ரத்தம் பார்த்து டாக்டர் தலையசைத்த அன்று, டப்பாவின் நூலை அவரே அவிழ்த்து, பிஜிலிக்கு முதல் மாத்திரையையும் தன் கையால் கொடுத்தார்.

சில வருஷம் கழித்து ரிட்டயராகி ஊருக்குக் கிளம்பினார். மிச்சமிருந்த சீட்டுகளை, "மளிகைக் கடைக்குப் போகையில ஒதவும்" என்று கமலாவிடம் கொடுத்துவிட்டார். செகந்திராபாத் பிளாட்பாரத்துக்கு நாங்கள் பிஜிலியையும் கூட்டிப்போனோம். அது அவருடைய சுருட்டிய படுக்கையின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. "எந்திரிட்டி, வண்டி வந்தாச்சு" என்று அதன் காதை வருடினார். பெட்டியைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கைப்பிடியில் சிவப்புச் சீட்டு. காரணம் என்ற கோட்டில் கமலா எழுதியிருந்தாள்: 'வெளியூர் அனுப்பத் தகாது.'

அவர் கை நூலை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது.

"கட்டுனவுகதான் அவுக்கணும். அவுத்து விடுங்க தாயி" என்றார்.

"நக்கோ சார்" என்றாள் கமலா.

வண்டி அந்தச் சீட்டோடுதான் அவரைக் கொண்டுபோயிற்று. அதை அவிழ்க்க எங்களில் யாரும் இன்றுவரை போகவில்லை. ஆகவே சட்டப்படி, ரிஜெக்ட் சார் இன்னும் மல்காஜ்கிரியில்தான் இருக்கிறார்.